பச்சைத் துணிக்குள் அங்காத்தாள்

2 மார்ச் 1984, வெள்ளி

இந்த டைரியைக் கூட்டுறவு வங்கிக்காரர்கள் என் கூட்டாளி பெஞ்சமினுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அதில் அவன் எழுதியது ஒரே வரி: "ஜனவரி 1. விசேஷம் இல்லை." முப்பது வருஷம் தந்தி ஆபீசில் உட்கார்ந்து ஊரார் சாவையும் பிரசவத்தையும் பத்து வார்த்தைக்குள் அடக்கியவனுக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குச் சொல்ல உண்டு, எழுதத்தான் தெரியாது. ஆகவே நான் சொல்கிறேன், அவன் எழுதுகிறான். இதில் 'நான்' என்று வருகிறவன் சடையன், வயது எழுபத்தைந்து, இருப்பது குன்னூர். கையெழுத்து மட்டும் பெஞ்சமினுடையது.

இன்று கேசவமூர்த்தி என் வீட்டுக்கு வந்தார். கிளப்பின் செயலாளர். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று வெகுநேரம் ஆராய்ச்சி செய்தார்.

"பெரியவரே, கில்மோர் ஸ்டூடியோவுல வேலை பார்த்தது நீங்கதானே?"

"நானுந்தானுங்க. மத்தவங்கல்லாம் செத்துட்டாங்க."

விஷயம் இதுதான். கில்மோர் ஸ்டூடியோவுக்குத் தலைமைக் கடை ஸ்காட்லாந்தில், கிளை குன்னூரில். இங்கே துரைமாரையும் துரைசானிமாரையும் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தோம். நாற்பத்திரண்டில் கடையை மூடியபோது அறுபத்தொரு பெட்டித் தகடுகளைக் கிளப் பரணில் ஏற்றினார்கள். இப்போது அந்தத் தலைமைக் கடையின் படங்களைச் சேர்த்துவைத்திருக்கும் காப்பகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருக்கிறாளாம். முப்பதாம் தேதி எல்லாப் பெட்டிகளும் சீமைக்குப் போகின்றன. எந்த முகம் யாருடையது என்று சொல்ல ஆள் வேண்டும். பெயர்ப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. கரையானுக்கு இங்கிலீஷ் ருசிக்கும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

"அதனாலதான் பெரியவரே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. உடனே சரி என்றால் மதிப்பு இருக்காது.

5 மார்ச், திங்கள்

போனேன். அந்த அம்மாளுக்குப் பெயர் இசபெல். ஐம்பது வயதிருக்கும், கொக்கு மாதிரி உயரம், கையில் வெள்ளை உறை. தகட்டில் கைரேகை படக்கூடாதாம். இதே தகடுகளை நான் டிசம்பர் மாதத்துத் தண்ணீரில் வெறுங்கையால் கழுவி, விரல் வெடித்து, அந்த வெடிப்பில் மருந்துத் தண்ணீர் ஏறித் துடித்தபோது உறையைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தாள். வலது கை உறையைக் கழற்றிவிட்டேன்.

"விளிம்பைக் கட்டை விரலாலே தொட்டுப் பார்க்கணுமுங்க. உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது."

கேசவமூர்த்தி இதை இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னதைவிட நாலு மடங்கு நீளமாகச் சொன்னார். அந்த அம்மாள் என்னை ஞானியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

விளக்குப் பெட்டிமேல் தகட்டை வைத்தால் எல்லாம் தலைகீழ். வெள்ளைக்காரன் கரியாக இருப்பான், அவன் பின்னால் நிற்கும் பட்லர் பால்போல இருப்பான். குன்னூரில் எங்கள் ஆட்கள் வெள்ளையாக இருந்த ஒரே இடம் அதுதான்.

முதல் பெட்டியில் நாற்பது தகடு. நாற்பதுக்கும் பெயர் சொன்னேன். "இவர் மில்னர் துரைங்க. மூக்கோரத்துல மரு. அதைப் பென்சிலாலே மறைக்கச் சொல்லி மூணு தடவை ஆள் அனுப்புனார். இவுங்க அவர் சம்சாரம். மருவை மறைக்க வேண்டாம்னு நாலு தடவை ஆள் அனுப்புனாங்க."

இசபெல் சிரித்தாள். கேசவமூர்த்தி இரண்டாவது பாதியைச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைத்தேன், சொல்லிவிட்டார் போல.

விரிசல் எதுவும் இல்லை.

6 மார்ச், செவ்வாய்

மண்ணெண்ணெய் வரவில்லை. எட்டுப் பெட்டி முடிந்தது.

9 மார்ச், வெள்ளி

இன்று குழந்தைகள் பெட்டிகள். நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்த அம்மாள் அட்டைகளை எழுதி அடுக்கிவைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம். என்ன என்று கேட்டேன்.

"பச்சைத் துணி போர்த்திய நாற்காலியில் குழந்தை" என்று கேசவமூர்த்தி படித்தார்.

"மறுபடியும் படிங்க."

படித்தார். அதே நாற்காலிதான்.

அந்தக் காலத்து நடைமுறையை இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோவுக்குக் கண்ணாடிக் கூரை. வெயில் இருந்தால் ஒரு நொடியில் படம் விழும். குன்னூரில் வெயில் என்றைக்கு இருந்தது? பனிமூட்டம் இறங்கினால் படம் பிடிக்கும் கில்மோர் துரை ஆறு வரை எண்ணுவார். ஆறு எண்ணும் வரை ஒரு வயதுக் குழந்தை அசையாமல் இருக்குமா? அதற்காக ஒருத்தியை வைத்திருந்தார்கள். அவள் நாற்காலியில் உட்காருவாள். தலை முதல் கால் வரை பச்சை வெல்வெட் துணியைப் போர்த்திவிடுவார்கள். குழந்தையை அவள் மடியில் வைப்பார்கள். துணிக்குள்ளிருந்து அவள் அதன் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அவளும் மூச்சு விடக்கூடாது. படத்தில் பார்த்தால் ஏதோ சோபாவில் குழந்தை தானாக உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். சீமையில் இருக்கும் பாட்டிமார் மெச்சிக்கொள்வார்கள்.

அவள் பெயர் அங்காத்தாள். என் அம்மா.

"அம்மணிகிட்டச் சொல்லுங்க. இந்த நாற்காலிக்கு இடது மணிக்கட்டுல வளையல் இருக்குது. இங்க பாருங்க, துணி ஓரத்துல. எந்த ஊர் ஆசாரிங்க நாற்காலிக்கு வளையல் போடறான்?"

கேசவமூர்த்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அது சரி பெரியவரே. ஆனா இவ்வளவு அட்டை எழுதியாச்சே."

12 மார்ச், திங்கள்

அட்டை மாறவில்லை. ஆகவே எனக்கு மறதி வந்துவிட்டது.

"இது யாரு பெரியவரே?"

"நாற்காலிங்க."

"நாற்காலி இல்ல, நிக்கறவரு. மீசை வச்சிருக்காரே."

"அவரும் நாற்காலிதானுங்க. வயசாச்சு. எதைப் பார்த்தாலும் நாற்காலியாத் தெரியுது."

மூன்று மணி வரை இப்படியே போயிற்று. இரண்டு கவர்னர் விருந்தாளிகள், ஒரு பாதிரியார், குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த குதிரை ஒன்று, எல்லாம் நாற்காலி. கேசவமூர்த்தியின் காது சிவந்துவிட்டது. இசபெல்லுக்குக் கோபம் வரவில்லை. எழுந்து போய் டீ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் ஓர் அட்டையைக் கிழித்துப் புதிதாக ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்துகொண்டு, என் வாயையே பார்த்தாள்.

"அங்காத்தாள்" என்றேன்.

ஐந்து தடவை சொல்ல வைத்தாள். சீமை நாக்கில் அந்தப் பெயர் ஏறி இறங்கச் சிரமப்பட்டது. ஏறியது.

அதன்பிறகு எனக்கு ஞாபகம் திரும்பிவிட்டது. குதிரையின் பெயரைக்கூடச் சொன்னேன்.

13 மார்ச், செவ்வாய்

நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் திருப்பி எழுதுகிறாள். இந்த ஊரில் யாருக்காவது அம்மாவின் படம் நானூற்றுப் பன்னிரண்டு இருக்குமா? மகாராணிக்கே சந்தேகம். முகம் மட்டும் ஒன்றிலும் கிடையாது.

எழுதிக்கொண்டே இசபெல் ஏதோ கேட்டாள்.

"உங்க அம்மா எப்படி இருப்பாங்கன்னு கேக்கறாங்க. ஒரு நாலு வரி தனியா எழுதி வைக்கணுமாம்."

சொன்னேன். இடது கையில் எண்ணெய் பட்ட தழும்பு, புளியங்கொட்டை அளவு. வெள்ளி வளையல் ஒன்று. கார்பாலிக் சோப்பு வாசனை, குழந்தையைத் தொடுவதற்கு முன் துரை கழுவச் சொல்லுவார். நடக்கும்போது வலது முழங்கால் சொடுக்கும். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள்.

"முகம்?" என்றார் கேசவமூர்த்தி.

"டீ ஆறிப்போகுதுங்க" என்றேன்.

16 மார்ச், வெள்ளி

அரசு ஆஸ்பத்திரி. வலது கண் ஏற்கெனவே போயிற்று. இடது கண்ணிலும் புரை முற்றுகிறதாம். "கோடை முடிஞ்சு வாங்க, ஆப்பரேஷன் பண்ணிப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். 'பண்ணலாம்' என்று சொல்லவில்லை, 'பண்ணிப் பார்க்கலாம்' என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். அது கன்னத்துக்கு நன்றாக இருக்கிறது, பாதி அங்கேதான் விழுகிறது.

மத்தியானம் கிளப்புக்குப் போய் விட்டதை முடித்தேன். முப்பத்தொன்பது பெட்டி.

19 மார்ச், திங்கள்

இசபெல் இன்று கேட்டாள், அம்மாவின் முகம் தெரியும் தகடு ஒன்றுகூட இல்லையா என்று.

ஒன்று இருந்தது என்றேன். டங்கன் துரையின் பையனைப் பிடிக்கும்போது துணி வழுக்கிவிட்டது. வெல்வெட் அல்லவா, வழுக்கும். தகடு கெட்டுவிட்டது. கெட்ட தகட்டைச் சோடாவும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து வெறுங்கண்ணாடியாக்கி, பங்களாக்களில் பூச்செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குக் கொடுத்துவிடுவது ஸ்டூடியோ வழக்கம். ஆக அம்மாவின் முகம் ஏதோ துரைசானியின் ரோஜாவுக்குக் கூரையாகப் போயிற்று.

"தேய்க்கறது யார் வேலை?" என்று கேட்டாளாம்.

"வேலைக்காரன் வேலைங்க" என்றேன். பொய்யில்லை.

பெஞ்சமின் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். அதையும் எழுது என்றேன்.

21 மார்ச், புதன்

ஐம்பத்திரண்டு. விரிசல் இல்லை.

"எதைடா தேடறே?" என்றான் பெஞ்சமின்.

"விரிசலை."

"பதினாறு நாளா ரெண்டாயிரம் கண்ணாடியைத் தடவிட்டே. ஒரு விரிசல்கூட இல்லைன்னா சந்தோஷம்தானே படணும்? எழவு வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கே."

தந்தி ஆபீசில் இவனுக்கு இவ்வளவு வார்த்தை எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

24 மார்ச், சனி

கடைசிப் பெட்டி முடிந்தது. எண்ணிப் பார்த்தேன். அறுபது.

"அறுபத்தொண்ணுன்னு சொன்னீங்களேங்க?"

"ஒண்ணு கில்மோர் துரையோட சொந்தக் குடும்பப் பெட்டி. அதுல இருக்கறவங்க யார்னு அம்மணிக்கே தெரியும். முதல்லயே கட்டிச் சீல் வச்சாச்சு. சுங்கக் காகிதம்கூட ஒட்டியாச்சு."

நல்லது என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் பழைய ஸ்டூடியோவைத் தாண்டி வந்தேன். இப்போது அங்கே கோழிக்கறிக் கடை. அங்கும் யாரும் அசையக்கூடாது போல, எல்லாம் தலைகீழாகத் தொங்குகின்றன.

அந்தக் குடும்பப் பெட்டியைத் துரை எப்போதும் பூட்டியேதான் வைத்திருப்பார். சாவி அவர் இடுப்பில். இருபது வருஷம் தினமும் அதன்மேல் தூசி தட்டியிருக்கிறேன். சாவி இல்லாமல் என்ன செய்வது?

26 மார்ச், திங்கள்

நேற்றெல்லாம் மழை. கூரைத் தகரத்தில் ஓட்டை. தண்ணீர் பிடிக்க வைத்த சட்டி நிறையும் முன்பே எனக்கு மனது மாறிவிட்டது. பெஞ்சமினைக் கூப்பிட்டு, டைரியை எடு, போன திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் சொன்னதை அடி என்றேன். அடிக்கமாட்டானாம். கொடுத்த தந்தியைத் திரும்ப வாங்க முடியாதாம். சரி, கீழே எழுது.

அந்தப் பெட்டிக்குப் பூட்டே கிடையாது. ஒரு கொக்கி. சுண்டு விரலால் தள்ளினால் திறக்கும்.

துணி தானாக வழுக்கவில்லை. வெல்வெட் வழுக்காது, சொரசொரவென்று இருக்கும். அதனால்தான் அதை வைத்திருந்தார்கள்.

ஸ்டூடியோவில் எனக்குப் பன்னிரண்டு வயதில் இருந்த வேலை கிலுகிலுப்பை ஆட்டுவது. காமிராவுக்கு இடப்பக்கம் நின்று ஆட்டினால் குழந்தை இந்தப் பக்கம் பார்க்கும். டங்கன் துரையின் பையன் காலையிலிருந்து கத்தினான். கிலுகிலுப்பையை அவன் மதிக்கவில்லை. மூன்று தகடு வீண். கில்மோர் துரைக்கு முகம் தக்காளி. அவருக்கு ஒரு நடை உண்டு, வாத்துக்குச் சுளுக்கு விழுந்தது மாதிரி. வீட்டில் நான் அப்படி நடந்து காட்டினால் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். துரை காமிராத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். நான் கிலுகிலுப்பையைச் சுருட்டு மாதிரி வாயில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் இரண்டடி அப்படி நடந்தேன். குழந்தைக்காகத்தான் நடந்தேன்.

குழந்தை என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தது அம்மா. மூச்சு விட அவள் துணியில் ஓர் இடைவெளி வைத்திருப்பாள், அதன் வழியாக. துணி குலுங்கியது. தலையிலிருந்து சரிந்து தோளுக்கு வந்தது. துரை அதற்குள் லென்ஸ் மூடியைத் திறந்துவிட்டார், எண்ண ஆரம்பித்துவிட்டார். ஆறு எண்ணி முடியும்வரை அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார். என்னை நிறுத்தவில்லை. துணி வழுக்கியது என்று அம்மாதான் சொன்னாள். டங்கன் துரையின் எஸ்டேட்டிலேயே கொழுந்து பறிக்கப் போனாள். இரண்டாவது பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். நான் ஸ்டூடியோவில் இருபத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். நல்ல வேலைக்காரன் என்று துரை சர்ட்டிபிகேட்கூடக் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

அன்று சாயங்காலம் அந்தத் தகட்டைத் தேய்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். சோடாத் தண்ணீர் கொதித்தது. தகட்டின் மூலையில் நெல்மணி அளவுக்குக் கண்ணாடியை உடைத்தேன், இருட்டில் தொட்டாலும் தெரிய. துரையின் குடும்பப் பெட்டியில் செருகினேன். துரைசானி செத்த பிறகு அவர் அதைத் திறப்பதே இல்லை. அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது.

இருபத்தொரு வருஷம் அந்தப் பெட்டியைத் துடைத்தேன். திறக்கவில்லை. திறந்தால் அவள் எப்படிப் பார்ப்பாளோ என்று. அதற்குள் மற்றது எல்லாம் ஞாபகத்தில் இருக்க, அவள் முகம் மட்டும் எனக்கு மறந்துவிட்டது. மில்னர் துரையின் மரு எந்தப் பக்கம் என்று கேள், சொல்கிறேன்.

பெஞ்சமின் மூக்கைச் சிந்துகிறான். ஈர விறகுப் புகை.

27 மார்ச், செவ்வாய்

போய்ச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. தகடு அந்தப் பெட்டியில் இருக்கிறது, நான் திருடி வைத்தது, என்றேன்.

"சீலை உடைச்சா மறுபடி சுங்கத்துக்கு அலையணும் பெரியவரே! மூணு நாள்தான் இருக்கு. ஏன் முதல்லயே சொல்லலை?"

"முதல்ல சொல்லியிருந்தா நாற்காலி காணாமப் போச்சுன்னு போலீசுக்குப் போயிருப்பீங்க."

கேசவமூர்த்தி என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம் பேசினார். இந்தத் தடவை மிகவும் சுருக்கமாகப் பேசினார். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலைத் தேடினாள்.

28 மார்ச், புதன்

சீலை உடைத்துப் பெட்டியைத் திறந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன், எப்படியும் அது உதவாது. கட்டை விரலால் விளிம்புகளை ஒவ்வொன்றாகத் தடவினேன். பதினேழாவது.

உறை போடாத கையோடு நான் அதை எடுத்தபோது யாரும் உறையை நீட்டவில்லை.

29 மார்ச், வியாழன்

கிளப் குளியலறையை இருட்டறையாக்கி இசபெல் இரவோடு இரவாகத் தகட்டிலிருந்து காகிதத்தில் படம் எடுத்துக் காயப்போட்டிருந்தாள். ஜன்னலோரம் உட்காரவைத்துக் கையில் கொடுத்தார்கள். இடது கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

டங்கன் துரையின் பையன் வாயைப் பிளந்துகொண்டு, ஆனால் இடுப்பு இம்மியும் அசையாமல், கல்லில் வெட்டியதுபோல் இருக்கிறான். தழும்போடு கை அவனைப் பிடித்திருக்கிறது. துணி தோளில். அதற்கு மேலே ஒரு முகம், கலங்கிப்போய். தண்ணீரில் நிழல் ஆடும்போது பார்த்ததுபோல. பல் வரிசை ஒன்று நாலாகத் தெரிகிறது.

"மன்னிக்கணும்ங்கறாங்க" என்றார் கேசவமூர்த்தி. அவர் குரலே இறங்கிவிட்டது. "இதுக்கு மேல தெளிவா வராதாம். தகட்டுலயே அப்படித்தானாம்."

"தெளிவாத்தானுங்க இருக்குது."

கலங்கிய முகத்துக்கும் திசை உண்டு. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. காமிராவையும் பார்க்கவில்லை. அதற்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால், பன்னிரண்டு வயது உயரத்தில் எதையோ பார்க்கிறாள். நான் பயந்த மாதிரிப் பார்க்கவில்லை.

இசபெல் புதிய அட்டையை எடுத்தாள். பெயர் எழுதினாள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அப்புறம் பேனாவை நிறுத்தினாள். தகட்டில் குறை இருந்தால் காரணம் எழுத அட்டையில் ஒரு கட்டம் இருக்கிறதாம்.

"குழந்தை அசைஞ்சதுன்னு போட்டுடலாமா?"

"எங்காத்தா புடிச்ச குழந்தை எதுங்க அசைஞ்சுது? பாருங்க நல்லா."

"அப்ப என்ன போடறது பெரியவரே?"

"காரணம் சடையன்னு போடுங்க."

அவர் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவள் எழுதினாள். என் பெயர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் பெயருக்குக் கீழே, சின்னதாக, கோழி கிளறியதுபோல் இருந்தது.

30 மார்ச், வெள்ளி

பெட்டிகள் லாரியில் போயின. அங்கே குளிர் அதிகமாம். அம்மா போர்வை இல்லாமல்தான் போகிறாள்.